தொட்டியைத் திருப்பாதே

விமானத்துக்கு முந்தின நாள்
தொட்டியை என் ஜன்னலில் வைத்தாய், ஜுல்மீரா,
மண்ணில் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தாய்.
ஞாயிறு அரைக் குவளைத் தண்ணீர்.
மொட்டு வைத்த பிறகு தொட்டியைத் திருப்பாதே.
திருப்பினால் கோபித்துக்கொண்டு அத்தனையும் உதிர்த்துவிடும்.

மே மலர் என்று இங்கே அதற்குப் பெயர்.
முள்ளை மறந்துபோன கள்ளி.
இலை மாதிரி இருப்பது இலையல்ல, தண்டு என்று
நீ சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் கடைசியில் மொட்டு வைத்தது.
பத்தொன்பது.
வேறு வேலை இல்லாமல் எண்ணவில்லை,
நீ கேட்பாய்.

அன்றுதான் கணுவுக்குக் கணு வெள்ளையாக ஏதோ.
தூசி என்று ஊதினேன், போகவில்லை.
மாவு சிந்திவிட்டேனோ என்று
என்னையே சந்தேகப்பட்டேன்,
வீட்டில் மாவு வாங்கி மாதக்கணக்காகிறது.
மூக்குக்கண்ணாடி மாட்டிக் குனிந்தபோது
மாவுக்குக் கால் இருந்தது.

எறும்பு வரிசை ஒன்று
ஜன்னல் சட்டத்திலிருந்து இறங்கி
பூச்சி பூச்சியாக நின்று முதுகைத் தடவி
இனிப்பு கறந்துகொண்டு போனது.
உன் செடியில் ஒரு மாட்டுப்பண்ணையே நடக்கிறது,
வாடகை நான் கட்டுகிறேன்.

பஞ்சுக்குச்சியும் ஆல்கஹாலும்
பல் மருத்துவமனையிலிருந்து என் பையோடு வந்தன.
டாக்டர் அனிபால் எண்ணிப் பார்க்கிறவர் அல்ல.
ஒரு கணுவுக்கு ஒரு குச்சி.
ஈரம் பட்டதும் வெள்ளை கரைந்து
உள்ளே ஆரஞ்சாக ஓர் உடம்பு,
பாதி அரிசி அளவு.
"கொஞ்சம் எரியும், வாயை மூடாதீங்க"
பழக்கதோஷம்,
சொல்லிவிட்டேன்.

முன்பக்கத்துக்கு ஒரு மணி நேரம்.
பின்பக்கம்தான் வழக்கு.
ஜன்னலுக்கும் செடிக்கும் நடுவே ஒரு சாண்,
திருப்பவும் கூடாது.
சோபாவை நகர்த்திப் பார்த்தேன்.
கடைசியில் ஜன்னலைத் திறந்து
இடுப்புவரை வெளியே போனேன், மூன்றாம் மாடி,
எலும்பில் இறங்கும் குரிடிபாத் தூறல்.
கடைவாய்ப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைத்
தண்டுக்கு அடியில் நீட்டினேன்.
எதிர்வீட்டு ஒஸ்மார்
வேகவைத்த பைன் கொட்டையை உரித்தபடி கத்தினார்:
"குதிக்கிற அளவுக்கு என்னம்மா ஆச்சு?"
"பூச்சி!"
"அதுக்கா?"

லிஸ்பனிலிருந்து நீ படம் கேட்டாய்.
நல்ல பக்கத்தை அனுப்பினேன்.
மறுவாரமும் நல்ல பக்கம்.
நீயும் அனுப்பினாய்:
நீ துடைக்கிற ஹோட்டலின் மொட்டைமாடி,
நுரை மேலே நிற்கும் காப்பி, ஆறு.
தூங்குகிற இடம் எப்படி என்று கேட்டேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.

நான்கு நாளைக்கு ஒருமுறை அவை திரும்ப வந்தன.
முட்டை இடுக்கில் இருக்குமாம்.
சோப்புத் தண்ணீர், பழைய டூத்பிரஷ்.
பதினொரு மொட்டு உதிர்ந்தது.
திருப்பவே இல்லை, சத்தியமாக.
ஆல்கஹாலோ, திறந்த ஜன்னலோ,
இத்தனை பக்கத்தில் நான் விட்ட மூச்சோ.
உதிர்ந்ததை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறேன்,
கணக்குக் காட்ட.

நேற்று இங்கே இரவு ஒன்று, உனக்கு விடியல் ஐந்து.
போனில் உன் முகம் வரவில்லை.
விளக்கடியில் ஒரு கை வந்தது,
முழங்கைவரை தடிப்பு.
மூட்டைப்பூச்சி, என்றாய்.
ஓர் அறையில் ஆறு பேர், என்றாய்.
அம்மாவிடம் சொல்லிவிடாதே, என்றாய்.
நான் தடிப்புகளை எண்ணத் தொடங்கியிருந்தேன்.

பதினேழில் நிறுத்தி,
உன் செடியிலும், என்றேன்.
மாவு, எறும்பு, ஒஸ்மார், பதினொன்று,
எல்லாவற்றையும்.

நீ சிரித்தாயா இருமினாயா தெரியவில்லை.
பின்பக்கத்தைக் காட்டு, என்றாய்.
தொட்டியில் கை வைத்தேன்.
ஐயோ, அதைத் திருப்பாதே,
போனைத் திருப்பு.

அந்த ஒரு சாண் இடுக்கில்
டார்ச்சைப் போட்டு உன்னை இறக்கினேன்.
நீ வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாய்,
என் கண்மேல் நடக்கிறதே, என்ன அது?

எறும்பு, என்றேன்.
ஒற்றை எறும்பு.
மாட்டைத் தேடுகிறது.