சாய்ந்த வெட்டு

முறிந்தது இரவு. கொண்டுவந்தது காலை.
கோணாமலை எஞ்சினைப் பலகையில் கிடத்திவிட்டுப்
பின்னால் நின்ற மருமகனைக் கையால் காட்டினார்:
"இந்த மரை கழண்டவன்ர வேலை.
ஸ்பானருக்குப் பைப் போட்டுத் திருகியிருக்கிறான்."
யதுஷன் நிலத்தைப் பார்த்தான்.
இடது கன்னத்தில் நாலு விரல் இன்னும் இருந்தது.

தெர்மோஸ்டாட் மூடியின் மூன்று ஆணிகள்
பேச்சில்லாமல் எழுந்து வந்திருந்தன.
நாலாவது, தலையை மட்டும் தந்துவிட்டு
உடம்பை உள்ளே வைத்துக்கொண்டது,
பிடுங்கப் போய் முறிந்த கடைவாய்ப்பல் மாதிரி.

"சூடை படுகுது ரொசைரோ. இண்டைக்குப் பின்னேரம் வேணும்."
டைக் வீதியில் எல்லாருக்கும் பின்னேரம்தான் வேணும்.

அலுமினியத்துக்குள் எவர்சில்வர், நடுவில் உப்புத் தண்ணீர்.
மூன்றும் கூடினால் நீதவானாலும் பிரிக்க முடியாது.
வெள்ளை மாவாய்ப் பூத்து
மரைக்கு மரை கட்டிப்பிடித்துக் கிடக்கும்.

பெட்டியில் ஒரு கருவி இருக்கிறது, பெயர் ஈசி அவுட்.
பெயர் வைத்தவன் ஒருநாளும் ஆணி கழற்றாதவன்.
அது உள்ளே முறிந்தால் ஆணிக்குள் ஆணி,
டிரில் ஏறாத உருக்கு.
போன ஐப்பசியில் ஒரு கிண்ணியாக்காரரின் ஹெட்
அப்படித்தான் பழைய இரும்புக்குப் போனது.
அதைத் தொடவில்லை.

பஞ்ச் வைத்தேன். நடு, நடுவேதான் வேண்டும்.
மயிரிழை விலகினாலும் பிட் இளகிய பக்கம் சாயும்.
மூன்று அடி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்து இன்னொன்று.

காஸ் சுவாலையைச் சுற்றிவரக் காட்டினேன்,
ஆணிக்கு அல்ல, ஆணியைப் பிடித்திருப்பதற்கு.
சூட்டில் மெழுகுதிரியைத் தொட்டேன்.
அந்தோனியாருக்கென்று மனுசி வாங்கி வைத்தது.
கோபிக்கமாட்டார்.
தொலைந்ததைத் தேடித் தருகிறவர்,
ஒளிந்ததையும் தரட்டும்.

பிறகு இடஞ்சுழிப் பிட்.
கோயிலை வலம் வருகிற ஊரில்
கழற்ற வேண்டியதெல்லாம் இடம்.
சுருள் சுருளாய் வெள்ளி எழுந்தது.
யதுஷன் கேளாமலே எண்ணெய்ப் போத்தலை எடுத்து
வேண்டிய நேரம் வேண்டிய இடத்தில் சொட்டினான்.

வாசலில் ஒரு மான் வந்து நின்று
எஞ்சின் சுற்றி வந்த பேப்பரைத் தின்னத் தொடங்கியது.
தலைப்புச் செய்தி போய், மரண அறிவித்தல் பாதி போய்,
கோணாமலை துரத்த எழும்பிய அந்த நேரம்
டிரில்லின் குரல் மாறியது.
கடித்தது. சின்னதாய் ஒரு கிறீச்.
பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி
ஆணி சுழன்று சுழன்று மேலே வந்தது.

உள்ளங்கையில் சுட்டது. முக்கால் அங்குலம்.
மரையில் கிரீஸ் ஒரு பொட்டும் இல்லை.
அடிநுனி வாளால் அறுத்தது, சாய்வாக,
இடப்பக்கம் தணிந்து.
இந்தக் கரையில் அப்படி அறுக்கிறவன் ஒருவன்தான்.
இரண்டு வருசம் முந்திப் பழைய ஆணியை எறிந்துவிட்டு
"இது எவர்சில்வர், சாகும்வரை துருப்பிடிக்காது" என்று
இருநூறு ரூபாய் கூட வாங்கியவன்.

துளைக்கு டப் ஓட்டினேன். புது ஆணி.
இந்த முறை கிரீஸ், தேவைக்கு மேலே.
தண்ணீர்ப் பீப்பாவுக்குள் எஞ்சினை இறக்கிக்
கயிற்றை இழுக்க, மூன்றாம் இழுப்பில் பிடித்தது.
அந்தச் சத்தத்துக்குள் சொன்னேன்:
"பெடியனில பிழையில்லை. நான் போட்ட ஆணி."
"என்ன?" கோணாமலை காதைக் காட்டினார்.
எவ்வளவு லேசு, அப்படியே விட்டிருக்கலாம்.
யதுஷன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எஞ்சினை நிற்பாட்டினேன்.
பீப்பாத் தண்ணீர் அசைந்து அடங்கும்வரை பொறுத்துத்
திரும்பச் சொன்னேன்.

கோணாமலை மான் போன பக்கம் பார்த்தார்.
"அப்ப எவ்வளவு?"
"ஒண்டும் வேண்டாம்."
"பைப் போட்டது அவன்தானே" என்றார், குரல் இறங்கி.

அவன் குனிந்து முறிந்த துண்டை எடுத்தான்.
சாய்ந்த நுனியைப் பெருவிரலால் தடவிப் பார்த்துக்
காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
என்னைக் கேட்கவில்லை.
தா என்று நானும் கேட்கவில்லை.