குடுமிக் கணக்கு

சுகுரெத்தியில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடை
மூன்று மாதம் மூடிக் கிடந்து
ஜன்னலில் ஒட்டிய பழுப்புக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு
போன வியாழன் திறந்தது.

எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய அட்டை இல்லை.
மேசையில் ஒரு கறுப்புக் கட்டம்.
போனைக் காட்டினால் பட்டியல் வருமாம்.
என் போனில் நான்கு சதவீதம்.
நானுலியிடம் கண்ணாடி இல்லை.
புகையூட்டிய பூசணி வரை வாசித்தேன்,
திரை செத்தது.

பரிமாறும் பையன் கையைப் பின்னால் கட்டி
மனப்பாடச் செய்யுள்போல் ஒப்பித்தான்:
காட்டுக் காஞ்சொறி, மாதுளை நுரை, வால்நட் மண்.
"மண்ணா?" என்றாள் நானுலி.
"சாப்பிடுகிற மண்."
"அதற்கு இன்னும் நாள் இருக்கிறது தம்பி,
ஹின்காலி கொண்டு வா."

ஹின்காலி என்றால்
உள்ளங்கை நிறையும் மாவுப் பை.
உள்ளே கொத்துக்கறி, கொதிக்கும் சாறு,
உச்சியில் மடிப்பெல்லாம் கூடி முறுக்கிய குடுமி.
குடுமியைப் பிடித்துத் தூக்கி
ஓரம் கடித்து, சாற்றை உறிஞ்சி, மீதியைத் தின்று
குடுமியைத் தட்டில் போட்டுவிட வேண்டும்.
எத்தனை குடுமியோ அத்தனை தின்றாய்.
திபிலிசியில் வேறு எதில் பொய் சொன்னாலும்
இதில் சொல்ல முடியாது.

இருபத்தாறு வருடமாக எண்ணுகிறோம்,
தையல் ஆலையின் சம்பளநாளில் தொடங்கியது.
என் உச்சம் பதினான்கு.
அவளுடையது பத்தொன்பது,
விவாகரத்துத் தீர்ப்பு வந்த மத்தியானம்.
ஒருமுறை என் தட்டில் ஒன்றைக்
களவாகப் போட்டாள் என்று நான் கத்த
நான்கு மாதம் பேச்சு வார்த்தை இல்லை.
குடுமிப்பிடிச் சண்டை என்றால்
எங்களுக்கு நிஜமாகவே அதுதான்.

பத்து வந்தது.
வழவழவென்று, கோழிமுட்டை மாதிரி.
குடுமியே இல்லை.
"அப்படியே வாயில் போடலாம்,
தட்டில் எதுவும் மிஞ்சாது"
பையனுக்குப் பெருமை.

திட்டுவதற்குத் தயாராக வந்தவள் நான்.
சாற்றில் காஞ்சொறியின் பச்சை வாசனை,
மழை விட்ட வேலியோரம்போல.
நன்றாக இருந்தது, என்ன செய்ய.

நானுலி பேசிக்கொண்டே இருந்தாள்:
கிதான்ஸ்கில் லாரி ஓட்டும் மகன்,
மாடிவீட்டுப் பியானோ,
காசு போட்டால்தான் ஏறும் லிஃப்ட்
நேற்று காசையும் விழுங்கி அவளையும் விழுங்கியது.
தட்டு காலி.

"எத்தனை?" என்றேன்.
"ஐந்து. பாதிக்குப் பாதி."
மேசைக்கடியில் விரல் மடித்து
நான் எட்டு எண்ணியிருந்தேன்.

கைக்கடிகாரம் முழங்கைவரை ஏறி நின்றது.
அதற்கும் மேலே, சட்டைக் கை ஒதுங்கிய இடத்தில்
பஞ்சு வைத்த பிளாஸ்திரி.
நான் பார்ப்பதைப் பார்த்தாள்.
"செவ்வாய்க்கிழமை சொல்வார்கள்.
இப்போது மண் வேண்டுமானால் கேள்."

மண் கேட்கவில்லை.
பையனைக் கூப்பிட்டு, குடுமிகளை என்ன செய்கிறீர்கள் என்றேன்.
அவன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு
குரலைத் தாழ்த்தினான்:
"நறுக்கி எடுத்து வெண்ணெயில் வறுத்து
நாங்களே தின்போம். பட்டியலில் கிடையாது."
"கொண்டு வா."

ஒரு தேநீர்த் தட்டில் வந்தன,
ஓரம் கருகி, கல்லுப்புத் தூவி.
வாழ்நாளெல்லாம் நாங்கள் ஒதுக்கிப் போட்டவை.
நானுலி ஒன்றை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்,
அறுந்த பொத்தானைப் பார்ப்பதுபோல.
கடித்தாள். இன்னொன்று.
பேச்சு நின்றிருந்தது.
மொறுமொறு சத்தம் மட்டும்.
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு
காதால் எண்ணினேன்.

விரலை நக்கிவிட்டு
"ஏழு" என்றாள்.

ஆறுதான்.

"ஏழு" என்றேன் நானும்.