சாய்ந்த தூறல்

மழை பொய்த்த மூன்றாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை,
சாக்கி யான்ச்சிஸ் ஒரு கல்லைக் கொண்டுவந்தான்.
உரச் சாக்கில் சுற்றி,
நோயாளி ஆட்டைப் போல முன்னிருக்கையில் சாய்த்துவைத்து.
"உள்ளே மண்டையோடு. சத்தியமா.
ஓரத்தில் பல் தெரியுது பாருங்க."

பல் அல்ல, சுண்ணக் கணு.
நான் சொல்லவில்லை.
டோரிங்புட் அருங்காட்சியகத்தில் பதினாறு வருடமாக
எனக்குச் சம்பளமே
கல்லிடம் அவசரப்படாமல் இருப்பதற்குத்தான்.

பதிவேட்டைத் திறந்தேன்.
எண் 2207. பண்ணை: பிளௌக்ரான்ஸ்.
காற்றாலைக்கு மேற்கே, வறண்ட ஓடையின் இரண்டாம் வளைவு.
'கண்டெடுத்தவர்' என்ற கட்டத்தில்
எனக்கு முன்பிருந்தவர்கள் எல்லோரும்
நிலத்துக்காரர் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள்,
ஆடு மேய்த்தவர் குனிந்து எடுத்திருந்தாலும்.
யான்ச்சிஸ் என்பதை எழுத்துக்கூட்டச் சொன்னேன்.
இரண்டு முறை சொன்னான், இரண்டாம் முறை மெதுவாக.

பிறகு காற்றூசி.
பல் வைத்தியரிடம் கேட்கிற அதே ரீங்காரம்,
ஆனால் வாய் திறக்காத நோயாளி.
மே முழுக்கச் செந்தூள்.
ஜூனில் குழாய் நின்றது.
லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றுவிட்டு வந்து
கல்லைத் துடைக்க ஈரத்துணி எடுக்கக் கை கூசிற்று;
தூரிகையாலேயே தள்ளினேன்.

மண்டையோடு இல்லை.
விலா இல்லை. விரல் நுனிகூட இல்லை.
ஓர் அடுக்கு அப்பளம்போல் கழன்றபோது
கல் முழுக்க அம்மைத் தழும்பு.

கெனெய்ல்வே ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்தாள், நிலவியல்காரி.
விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தாள்.
குழி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நிழல்.
காப்பி ஆறியது.
"தூறல்," என்றாள்.
"பெருமழையாக இருந்தால் ஒன்றையொன்று அழித்திருக்கும்.
இது தொடங்கி, நின்றுபோன மழை.
சேறு காய்ந்தது. பிறகு ஆறு வந்து
வண்டலால் மூடிவிட்டது. இருபத்தைந்து கோடி வருடம்."

சாக்கி முகம் தொங்கிப் போயிற்று.
தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே கேட்டான்:
"தொடங்கி நின்னு போறது
இப்பவும்தானே நடக்குது, மேடம்?"

விளிம்புகள் ஒரு பக்கம் உயர்ந்திருந்தன.
துளி சாய்ந்து விழுந்தால் சேறு அப்படித்தான் ஒதுங்கும்.
காற்று எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம்,
கல் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று தெரிந்தால்.
எங்கள் இருவருக்கும் தெரியாது.
சாக்கி வண்டிச் சாவியை எடுத்தான்.

ஓடையில் கல் இருந்த பள்ளம் அப்படியே இருந்தது,
ஒரு தேள் குடிவந்திருந்தது.
அச்செடுத்த காகிதத்தைப் பள்ளத்தில் வைத்துத் திருப்பித் திருப்பி
பொருந்தியதும், கெனெய்ல்வே திசைகாட்டியைப் படித்தாள்.

எதிரே மேசைக் குன்றுகள்.
"உச்சியில் அந்தக் கருங்கல் தொப்பி இருக்கிறதே,
கீழிருந்து புகுந்து உறைந்த தீக்குழம்பு.
தொப்பி இருந்த இடம் நின்றது.
இல்லாத இடம் கரைந்தது.
நம் தலைக்கு மேலே ஒரு காலத்தில் இதேபோல் பாறை,
எத்தனையோ குன்றுயரம்."
"அதை எல்லாம் யார் கொண்டுபோனது?"
"பெரும்பாலும் மழைதான்."

சாக்கி அப்போதுதான் சிரித்தான்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
ஆடுகள் நிமிர்ந்து பார்க்கும்படி.

"சரி, எந்தப் பக்கமிருந்து வந்தது?"
"மேற்கு. ஆனால்..." அவள் தயங்கினாள்.
"இது இன்றைய மேற்கு. அதற்குப் பிறகு
இந்தக் கண்டமே இடம்பெயர்ந்து, திரும்பியும் இருக்கிறது.
அன்றைய மேற்கைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்."

கணக்குப் போட அவள் குனிந்தாள்.
நான் தேளைத் தொந்தரவு செய்யாமல் காகிதத்தை உருவினேன்.
சாக்கி தொப்பியை நெற்றிக்கு இறக்கி
எதற்கும் இருக்கட்டும் என்று
இன்றைய மேற்கைப் பார்த்து நின்றான்.