மூன்று மணிப் படகு

குறிகட்டுவானிலிருந்து வழியெல்லாம்
வாந்தியெடுத்து வந்தவர், பதுளைக்காரர்,
நெடுந்தீவில் கால் வைத்ததும் கேட்டார்:
"குதிரை எங்கே?"

பவளக்கல் மதில்களைக் காட்டினேன்.
பெருக்குமரப் பொந்துக்குள்
அவர் பிள்ளைகள் மூன்றும் நுழைந்து
இன்னும் இடமிருந்தது.
ஒல்லாந்தர் புறாக்கூட்டில்
புறா இல்லாததையும்
என் கணக்கில் எழுதிக்கொண்டார்.

தரவையில் ஓட்டோவை நிறுத்தி
இலத்தியைத் தொட்டுச் சொன்னேன்:
"சூடு ஆறேல்லை ஐயா,
இப்பதான் போயிருக்கினம்."
சிரிக்கவில்லை.
பேசின காசில் இருநூறு குறைத்தார்.

படகு
ஒரு கூப்பிடு தூரம் போயிருக்கும்.
முதுகுக்குப் பின்னால் கனைப்பு.
ஏழு. ஒரு குட்டி வேறு.

இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன்.
எஞ்சின் சத்தத்துக்குள்
அவரும் எழுந்து நின்று
கையசைத்தார்,
நெடுநாள் சிநேகிதன் மாதிரி.