கொருக்குப்பேட்டை கேட்

கேட் விழுந்துவிட்டது.
ஒன்பது ஐம்பதுக்கு நேர்காணல். இப்போது ஒன்பது பத்து.
மணலிப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டி
யோசித்து யோசித்து வருகிறது.

ஷேர் ஆட்டோவில் ஏழு பேர். என் மடியில்
பிளாஸ்டிக் கவரில் பதினோரு வருஷம்:
முனைவர் எ. ஜெசிந்தா, இயற்கணித வடிவியல்,
கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் என்றால் மே மாதம் சம்பளம் கிடையாது என்று பொருள்.

உங்கள் ஆய்வை எளிமையாகச் சொல்லுங்கள் என்பார்கள்.
இங்கேயே சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த கேட் ஒரு முடிச்சு.
தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற எட்டு மாத வயிறும்
மூலக்கொத்தளத்துக்குப் போகிற பூப்பல்லக்கும்
ஒரே புள்ளியில் வந்து ஹாரன் அடிக்கின்றன.
யாரையும் விரட்டாதே.
புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு
அந்த இடத்தில் ஒரு கோட்டை வை.
ஒவ்வொருவரையும் கேள்: எந்தச் சாய்வில் வந்தாய்?
அவரவர் சாய்வுக்கான உயரத்தில்
அவரவரை ஏற்று.
மேம்பாலம்தானே என்பார்கள். கிட்டத்தட்ட.
பாலத்துக்கு நிலம் வேண்டும்,
எனக்கு இன்னொரு மாறி போதும்.

சிலர் ஒரே சாய்வில் வந்திருப்பார்கள்.
ஏற்றினாலும் ஒட்டிக்கொண்டே நிற்பார்கள்.
மறுபடி ஏற்று. மறுபடி.
இது எப்போதாவது முடியும் என்பதற்குத்தான்
நிரூபணம் வேண்டும்.

நான் வேலை செய்வது
ஒன்றும் ஒன்றும் பூஜ்யமாகிற உலகத்தில்.
சிரிக்காதீர்கள்,
சுவிட்சை இரண்டு தடவை தட்டிப் பாருங்கள்.
அங்கே முடிச்சு அவிழ்வதுபோல் அவிழ்ந்து
அடுத்த படியில் இறுகும்.

ஆறாம் வருஷம், அவிழ்த்துவிட்டேன் என்று எழுதி அனுப்பினேன்.
அண்ணன் எட்வின், துறைமுக வரிசையில் நின்ற
டிரெய்லர்காரர்கள் அத்தனை பேருக்கும்
டீ வாங்கிக் கொடுத்தான். எதற்கென்று
அவனுக்கும் தெரியாது, குடித்தவர்களுக்கும் தெரியாது.
பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது.
நாற்பத்தோராம் பக்கம், நான்காம் வரி.
ஓரத்தில் ஒரே சொல்: ஏன்?

அந்த ஏனுக்கு ஐந்து வருஷம்.
ஒரு சின்னக் குடும்பத்துப் பரப்புகளுக்கு மட்டும்
பதில் வைத்திருக்கிறேன்.
அதைச் சாதனை என்ற தலைப்பின் கீழ் எழுதுவதா,
வேறு தலைப்பு உண்டா என்று
விண்ணப்பத்தில் தேடினேன். இல்லை.

கூட்ஸ் கடந்துவிட்டது.
கேட் தூக்கவில்லை.
அதே தண்டவாளத்தில் பின்னாலேயே இன்னொன்றாம்.
மீன் கூடைக்காரி குனிந்து நுழைந்து போய்விட்டாள்.
டிரைவர் என்ஜினை அணைத்தார்.

நான் பேனாவைத் திறந்தேன், தாள் இல்லை.
பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ,
மருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.
"இந்தப் பக்கம் காலிதான், எழுதிக்கம்மா,
ஆனா தொண்டியார் கோயில் ஸ்டாப்புல திருப்பித் தந்துடணும்."

ஒன்பது இருபத்தெட்டு.