ஒன்பது பேர் ஏறிய பிறகு

செவ்வாய் காலை ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார் அருள்செல்வம்.
பின்பக்கம், பம்பர் இருந்த இடத்தில்,
துருப்பிடித்த இரண்டு தாங்கிகளும் ஒரு நைலோன் கயிறும்.
கயிறு எதற்கென்று கேட்கவில்லை.
பொகவந்தலாவைப் பக்கம்
கயிறு எதையும் தாங்கும்.

"பீரங்கி மோதினாலும் நசுங்கக்கூடாது" என்றார்.
இந்த ரோட்டில் பாண்காரனின் ஆட்டோவே
மூன்றாம் வளைவோடு திரும்பிவிடும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஹனீபா நானாவின் பழைய இரும்புக் கடையில்
கிலோக் கணக்கில் வாங்கினோம்.
எங்கோ மூடிய தொழிற்சாலையில்
கொழுந்து வாட்டும் தட்டுகளைத் தாங்கி நின்ற
சி-சேனல், ஐந்தடி.
அறுத்தபோது தேயிலை மணக்கவில்லை.
இரும்பு மணந்தது,
கொஞ்சம் எலி மூத்திரமும்.

சேசியின் இரண்டு நுனிகளையும் அளந்தால்
இடப்பக்கம் அரை அங்குலம் குறைவு.
எப்போதோ எதிலோ இடித்திருக்கிறது.
"அது நான் வாங்க முன்னமே."
எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
போல்ட் துளையை நீளமாக்கி, ஒரு தகடு செருகி,
கோணலோடு சமாதானமாகிவிட்டேன்.

முதலில் புள்ளிகள்.
மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று,
மூலைமட்டம், இடுக்கிய கண், சுத்தியலால் ஒரு தட்டு.
பிறகுதான் கோடு.
கோடு பாதியில் நிற்கக் கரண்ட் போனது.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
மூன்று மணி நேரம் மழையைப் பார்த்தேன்.
தபால்காரர் எட்டிப் பார்த்து
"வெல்டிங் பாஸ் இல்லையா, தங்கச்சி?" என்றார்.
நான்தான் பாஸ் என்றேன்,
இந்த மாதம் நாலாவது தடவை.

கரண்ட் வந்தபின்
கசடைத் தட்டினால், அடியில்
நீண்டு சுருங்கி நீண்டு ஊர்ந்த
அட்டையின் முதுகு.
நல்ல வேலை.
கறுப்பு பெயின்ட் அடிக்கும்வரை
நானே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இழுக்க இரண்டு கொக்கி.
ஸ்பேர் வீலைத் தூக்கிக்கொண்டு
கேட் மாதிரித் திறக்கும் ஒரு கை,
அதற்கு லொறியிலிருந்து கழற்றிய பேரிங்.
எல்லாம் மாட்டி, மேல் பிரிவுக்கு ஓட்டிப் பார்த்தோம்,
ஏழெட்டு பேரை வழியில் ஏற்றிக்கொண்டு.

மதகு தாண்டி மூக்கைத் தூக்கும் இடத்தில்
பம்பர் ரோட்டை உழுதது.

வெறும் ஜீப்பில் அளந்திருக்கிறேன்.
இந்த ஜீப் வெறுமையாக
ஒரு நாளாவது ஓடியிருக்குமா?
தெரியும். அளக்கும்போது தெரியவில்லை.

மறுநாள் தெருவில் நின்றவர்களைக் கூப்பிட்டேன்:
ஏறுங்க, எங்கேயும் போகல, சும்மா உட்காருங்க.
சலூன் தர்மசேன,
அவர் பாதி சவரம் செய்து விட்டிருந்த ஆள்,
டியூஷன் விட்ட மூன்று பிள்ளைகள்,
லீக்ஸ் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற பவளராணி,
மூட்டையும்,
தபால்காரர், ஹனீபா நானாவின் மகன்,
முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அருள்செல்வம்.
ஸ்பிரிங் முனகி மூன்று அங்குலம் இறங்கியது.

பின் டயர் தரையைத் தொடும் இடத்தில்
நூலின் ஒரு நுனி.
மறுநுனி, மதகு எவ்வளவு சாய்வோ
அவ்வளவு சாய்வில் மேலே.
நூலுக்குக் கீழே தொங்கும் இரும்பெல்லாம் அதிகப்படி.
சோப்பு காய்ந்து முகம் இழுக்கிறது என்றார் பாதி சவரக்காரர்.
அசையாதீங்க என்றேன்.
சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன்.

கோடு நேராக
அந்த அட்டையின் முதுகுக்குக் குறுக்கே போனது.
கொஞ்ச நேரம் நின்றேன்.
அப்புறம் கிரைண்டர்.

இரண்டு மூலையும் ஏறச் சாய்ந்த பம்பர்
இப்போது மதகில் சத்தமில்லாமல் தாண்டுகிறது.
பத்து நாள் கழித்து வந்தார் அருள்செல்வம்.
முகத்தில் திருப்தி, பின்னால் குறை.
"பம்பர் மேல நிக்க நல்ல வசதியாப் போச்சு.
இப்ப பதினொரு பேர்.
திரும்ப லேசா உரசுது."

அறுத்தெறிந்த முக்கோணங்கள் இரண்டும்
வாசல் தார்ப்பாயைக் காற்றோடு போகவிடாமல்
பிடித்துக்கொண்டிருந்தன.
நூலை எங்கே வைத்தேன் என்று
தேடத் தொடங்கினேன்.