ஆறேகால்

நாரஹேன்பிட்ட, மூன்றாம் மாடி.
புகைக்கூண்டின் விசிறி
ஒருமுறை இருமிய பிறகுதான் ஓடும்.

மாதிரி நானூற்றுப் பதினேழு:
மீன்தூள், கோழித்தீவனத்துக்கு,
பேலியகொடைக் களஞ்சியத்திலிருந்து.
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி
மூச்சைப் பிடித்து
அரைக் கிராம் எடுத்தேன்.

அமிலம். நானூற்றிருபது பாகை.
முதலில் கரி, நுரை,
கழுத்துவரை ஏறி இறங்கும் கறுப்புக் கோபம்.
பிறகு பிளேன்ரீ நிறம்.
பதினொன்றரைக்குத் தெளிந்த பச்சை.
செதில் இல்லை, முள் இல்லை,
எந்தக் கடல் என்பதும் இல்லை.
நைதரசன் மட்டும் உப்பாய்ப் பதுங்கியிருந்தது.

பக்கத்தில் இன்னொரு குடுவை.
அதில் எதுவும் போடவில்லை.
அதே அமிலம், அதே சூடு, அதே நேரம்.
ஒன்றுமில்லாததும் ஒரு துளி குடிக்கும்,
அதைக் கழிக்காமல் கணக்கு நேராகாது
என்பாள் ரிஸ்மினா.
தெமட்டகொடையில் தான் வாடகை மட்டும் கட்டும்
ஓர் அறையைப் பற்றியும்
இதையேதான் சொன்னாள் ஒருநாள்.

மத்தியானம் வடிப்பு.
காரம் பட்டதும் அமோனியா எழுந்து
போரிக் அமிலத்துக்குள் இறங்க,
இளஞ்சிவப்பு பச்சையாயிற்று.
அளவியைத் திறந்து, துளி துளியாய்,
அதை மறுபடி சிவப்புக்குக் கூட்டிவருவது என் வேலை.
அரைத்துளி கூடினாலும்
காலையிலிருந்து தொடங்க வேண்டும்.

பதினொன்று தசம் மூன்று ஆறு.
ஆறேகாலால் பெருக்கினேன்.
எழுபத்தொன்று.

சாக்கில் அச்சடித்திருந்தது அறுபது.
குறைத்துக் கொடுப்பவர்களை அறிவேன்.
சொன்னதற்கு மேல் அள்ளிக் கொடுக்கும் வியாபாரியை
இந்தப் பதினாலு வருடத்தில்
இன்றுதான் பார்க்கிறேன்.

திரும்பச் செய்தேன். எழுபத்தொன்று.
"நல்ல மீன் போல" என்றார் தசநாயக்க,
கையெழுத்துப் போடப் பேனா தேடிக்கொண்டே.

ஆறேகால் எந்த மீனும் ஒப்புக்கொண்ட எண் அல்ல.
யாரோ எடுத்த சராசரி.
நைதரசனைப் பார்த்தால் தசை என்று நம்பிவிடும்,
எங்கிருந்து வந்தாய் என்று கேட்காது.
வயலுக்கு எறியும் யூரியாவை
இதே குடுவையில் எரித்தால்
நூறு கிராமில்
இருநூற்றெண்பத்தேழு கிராம் புரதம் என்று
சிரிக்காமல் சொல்லும்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு
பச்சைச் சோயா அவரை நாலைந்து இடித்து
மீன்தூள் கரைந்த நீரில் விட்டேன்,
காட்டி இரண்டு சொட்டு.
யாரும் கேட்காத, யாரும் காசு கட்டாத சோதனை.
மஞ்சளாய் இருந்தது
கிரிமண்டல மாவத்தையில் ஓர் அம்புலன்ஸ் கடந்துபோவதற்குள்
ரோஜாவாகிவிட்டது.
மூக்குக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

படிவத்தில் ஒரே பெட்டி:
கச்சாப் புரதம், நூற்றுவீதம்.
எழுபத்தொன்று என்று எழுதினேன்.
அது பொய்யில்லை.
பிறகு கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்,
எழுத்து நெருங்கி நெருங்கிச் சாய
யூரியா என்று எழுதினேன்.

நாளைக்குக் கேட்பார்கள்,
இதை யார் பார்க்கச் சொன்னது?

இன்றைய வெறுங்குடுவை:
பூச்சியம் தசம் ஒன்று இரண்டு.
கழித்தாயிற்று.